நுரை தண்ணியில இருந்து ஃபுளோரைடு வரைக்கும்: யாரை கூப்பிடணும், எப்படி பேசணும் – அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஆத்து தண்ணி, ஏரி, காடு, குவாரி தூசுன்னு ஊர் பிரச்சனைய கையில எடுக்குற பசங்க, சுய உதவிக்குழு அக்காங்க, கிராம சபையில எழுந்து பேசணும்னு நினைக்கிறவங்க எல்லாரும் திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள ஒண்ணா சேத்து போட்டிருக்கேன். நான் ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு கீழ இருக்குற ஊர்கள்லயும், பென்னாகரம் பாலக்கோடு பக்கம் ஃபுளோரைடு தண்ணி விஷயத்துலயும் சில வருஷமா அலைஞ்சிட்டிருக்கேன், அதனால உதாரணம் எல்லாம் அங்கிருந்துதான் வரும்.

இந்த 'ஸ்டேக்ஹோல்டர்'னா யாருங்க? தமிழ்ல என்ன சொல்றது?

புத்தகத்துல 'பங்குதாரர்'னு போட்டிருப்பாங்க. அந்த வார்த்தைய நான் ஒரு ஊர்ல சொன்னப்ப ஒரு அக்கா "நாங்க பணம் எதுவும் போடலியேங்க, எங்கள எதுக்கு பங்குதாரர்ங்கறீங்க"ன்னு கேட்டாங்க, அவங்க கேட்டது சரிதான், நம்ம ஊர்ல பங்குன்னா கூட்டு யாவாரம், சீட்டு, நிலம் இதுதான் ஞாபகம் வரும். அதுக்கப்புறம் நான் 'பாத்தியப்பட்டவங்க'ன்னு சொல்றேன். மாரியம்மன் கோயிலுக்கு யாரு யாரு பாத்தியப்பட்டவங்கன்னு கேட்டா ஊர்ல எல்லாருக்கும் பதில் தெரியும்ல, அது மாதிரி இந்த ஆத்துக்கு, இந்த ஏரிக்கு, இந்த காட்டுக்கு பாத்தியப்பட்டவங்க யாருன்னு கேட்டா உடனே புரிஞ்சிக்கிறாங்க.

ஆனா ஒண்ணு, கோயில்னா வரி குடுக்குறவங்களோட கணக்கு முடிஞ்சிடும், இங்க அப்படி இல்ல. கெடுதல் யாருக்கு வருது, ஆதாயம் யாருக்கு போகுது, முடிவு எடுக்குற கை யாருது, அந்த கெடுதல உண்டாக்குறது யாரு, இந்த நாலு பக்கமும் இருக்குறவங்க எல்லாரும் பாத்தியப்பட்டவங்கதான். நமக்கு பிடிக்காதவங்களும் இதுல வருவாங்க.

சாதாரண பிரச்சனைக்கும் சிக்கலான பிரச்சனைக்கும் என்ன வித்தியாசம்?

தெருக்குழாய் உடைஞ்சா யாருகிட்ட சொல்லணும்னு தெரியும், சரி பண்ணா முடிஞ்சது. கெலவரப்பள்ளி நுரைய எடுத்துக்கோங்க. தென்பெண்ணை கர்நாடகாவுல நந்தி மலைகிட்ட பொறந்து பெங்களூருக்கு கிழக்கால வந்து, ஓசூர் தாலுகாவுல கொடியாளம்கிட்ட நம்ம எல்லைக்குள்ள நுழையுது. வழியில பெங்களூரோட பெல்லந்தூர், வர்த்தூர் ஏரி கழிவு இதுலதான் வந்து சேருது. துணி சோப்பு, பாத்திரம் கழுவுற சோப்பு, பாஸ்பேட், சாக்கடை, தொழிற்சாலை தண்ணி எல்லாம் கலந்து வர்றது அணையில தேங்குது, ஷட்டர திறந்து தண்ணி மேல இருந்து விழுந்து அடிக்கும்போது பஞ்சு மூட்டைய பிரிச்சு கொட்டின மாதிரி நுரை எழும்புது, மழைக்காலத்துல தரைப்பாலமே தெரியாம மூடிக்கும்.

இதுல யாருகிட்ட போய் புகார் குடுப்பீங்க? தண்ணிய கெடுக்குறவங்க ஒரு மாநிலம், குடிச்சு அனுபவிக்குறவங்க இன்னொரு மாநிலம், அணை ஒரு துறைகிட்ட, தண்ணியோட தரம் வேற துறைகிட்ட, காய்கறி சாப்பிடுறவங்க எங்கயோ. ஒருத்தர மட்டும் பிடிச்சு தீக்க முடியாது, ஒரு பக்கம் இழுத்தா இன்னொரு பக்கம் கிழியும். அதனாலதான் முதல்ல யாரு யாருன்னு தெரிஞ்சிக்கணும்னு சொல்றோம்.

லிஸ்ட் எடுக்கறத எங்க இருந்து ஆரம்பிக்கணும்?

தண்ணி போற வழியிலயே நடங்க. நிஜமாவே செருப்ப கழட்டிட்டு வாய்க்கா கரையில நடக்க சொல்றேன். ஆபீஸ்ல உக்காந்து எழுதினா 'விவசாயிகள், அரசு, தொழிற்சாலைகள், தன்னார்வலர்கள்'னு நாலு தலைப்பு வரும், அதுல ஒரு மனுஷன் முகமும் இருக்காது.

நான் முதல் தடவ ஒரு பெரியவரோட கெலவரப்பள்ளி அணையோட இடதுபுற வாய்க்கால்ல காலையில ஆறரைக்கு நடக்க ஆரம்பிச்சப்ப நோட்டுல ஆறு பேர்தான் எழுதியிருந்தேன். நடக்க நடக்க பாத்தது: மடை திறந்து மூடுற ஆளு, கால்ல சேறு மாதிரி ஒட்டியிருந்த கருப்ப தண்ணியில கழுவிக்கிட்டே பேசினாரு, கணுக்கால் வரைக்கும் தோல் வெடிச்சு வெள்ளை வெள்ளையா இருந்துச்சு, 'அரிப்புங்க, பழகிடுச்சு'ன்னாரு. அப்புறம் கரையில புல் அறுக்குற ரெண்டு பொம்பளைங்க, அவங்களுக்கு சொந்தமா சென்டு நிலம்கூட இல்ல, ஆனா அந்த புல்ல தின்னுற மாடு இருக்கு, அந்த பால் சொசைட்டிக்கு போகுது. குத்தகைக்கு ரோஸ் போட்டிருக்குற ஒரு பையன். கொத்தமல்லி கட்டு கட்டுற கூலி ஆளுங்க. வாத்து மேய்க்க வேலூர் பக்கத்துல இருந்து வந்து கூடாரம் போட்டிருந்த குடும்பம். நோட்டு முடியறதுக்குள்ள முப்பது தாண்டிடுச்சு.

ஒவ்வொருத்தர்கிட்டயும் கடைசியா ஒரே கேள்வி கேளுங்க: "நான் இன்னும் யாரை போய் பாக்கணும்?" புதுப்பேரு வர்றது நின்னுபோச்சுன்னா ஓரளவு லிஸ்ட் சேந்துருச்சுன்னு அர்த்தம். அதுகூட "உங்களுக்கு ஒத்து வராத ஒருத்தர சொல்லுங்க"ன்னும் கேளுங்க, இல்லன்னா ஒரே சாதி ஒரே கட்சி ஒரே தெருவுக்குள்ளயே சுத்திட்டு வந்துடுவோம்.

மேல பெங்களூர்ல இருக்குறவங்கள எப்படி சேக்கறது? அவங்க எதுக்கு நம்மகிட்ட பேசணும்?

இத நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். அவங்க கெடுக்குறாங்க நாம அனுபவிக்கிறோம்னு மட்டும் சொன்னா பேச்சு அங்கயே நின்னுடும். ஆனா ஓசூர் பக்கம் விளையுற கீரை, கோஸ், தக்காளி, கொத்தமல்லி எங்க போகுது? பாதி லோடு விடியக்காலையில பெங்களூர் மார்க்கெட்டுக்குத்தான் ஏறுது. அதாவது அங்க பாத்திரம் கழுவின தண்ணி இங்க வாய்க்கால்ல வந்து கீரையாகி அதே வீட்டு சமையக்கட்டுக்கு திரும்பி போகுது. இத சொன்னப்பதான் அங்க இருக்குற ஏரி பாதுகாப்பு குழு ஆளுங்க நிமிந்து உக்காந்தாங்க. அவங்களும் பல வருஷமா போராடிட்டிருக்குறவங்க, 2017 பிப்ரவரியில பெல்லந்தூர் ஏரி தீப்பிடிச்சப்ப தேசிய பசுமை தீர்ப்பாயம் தானாவே வழக்கா எடுத்துச்சு, அதுக்கப்புறம் அங்க சில சுத்திகரிப்பு வேலை நகர்ந்துச்சு. மேல இருக்குறவன் எல்லாம் எதிரின்னு நினைக்காதீங்க, அங்கயும் மூக்க பொத்திக்கிட்டு வாழுறவங்க இருக்காங்க.

கீழ்ப்பக்கத்தையும் மறந்துடாதீங்க, இதே ஆறு கேஆர்பி டேம் (கிருஷ்ணகிரி அணை), அப்புறம் சாத்தனூர் அணை, திருவண்ணாமலை, விழுப்புரம் தாண்டி கடலூர்ல போய் கடல்ல சேருது.

லிஸ்ட் பெருசாயிடுச்சு, எல்லாரையும் ஒரே மாதிரி பாக்க முடியுமா?

முடியாது. ஒரு பேப்பர்ல கூட்டல் குறி மாதிரி கோடு போட்டு நாலு கட்டம் ஆக்குங்க, ஒரு பக்கம் 'எவ்வளவு பாதிப்பு', இன்னொரு பக்கம் 'எவ்வளவு அதிகாரம்'. பேர ஒவ்வொண்ணா அதுல வைங்க. வழக்கமா இத சொல்லிக் குடுக்குறவங்க அதிகாரம் ஜாஸ்தி இருக்குறவங்கள கவனிச்சிக்கோங்கன்னு முடிச்சிடுவாங்க, கம்பெனிக்கு அது சரிப்படும், நமக்கு ஆகாது. பாதிப்பு ஜாஸ்தி அதிகாரம் கம்மின்னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, புல் அறுக்குற அக்கா, மடை ஆளு, வாத்துக்காரங்க எல்லாரும் அங்கதான் இருப்பாங்க, நம்ம நேரத்துல பாதி அந்த கட்டத்துக்குத்தான் போகணும்னு நான் நினைக்கிறேன். இன்னொண்ணு, அந்த பேப்பர ஆறு மாசத்துக்கு ஒரு தடவ திரும்ப போடுங்க, தேர்தல் வந்தா, மழை பொய்ச்சா, அதிகாரி மாறினா ஆளுங்க கட்டம் மாறிடுவாங்க.

மீட்டிங் போட்டா அதே பத்து பேர்தான் வர்றாங்க, என்ன பண்றது?

வராதவங்கள குறை சொல்றதுக்கு முன்னாடி நாம எங்க, எப்ப, எப்படி கூப்பிட்டோம்னு பாக்கணும். காலைல பதினோரு மணிக்கு போட்டா கூலிக்கு போறவங்க எப்படி வருவாங்க, ஒரு நாள் கூலி போயிடும். கோயில் மண்டபத்துல போட்டா அதுக்குள்ள வந்து உக்கார முடியாதவங்க இன்னமும் நம்ம ஊர்கள்ல இருக்காங்க, வெளிய மரத்தடியில நின்னுட்டு போயிடுவாங்க, அவங்க வரலன்னு நாம எழுதிக்குவோம். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, எல்லாரும் கூச்சமில்லாம உக்கார்ற இடமா பாருங்க. ராத்திரி சாப்பாடு முடிஞ்சு எட்டரைக்கு மேல போட்டா ஆம்பளைங்க வருவாங்க, பொம்பளைங்களுக்கு மத்தியானம் மூணு மணிதான் கொஞ்சம் மூச்சு விடுற நேரம். அதனால ரெண்டா போடுங்க, தப்பில்ல.

ஒரு ஊர்ல நடந்தத சொல்றேன். முதல் கூட்டத்துல பொம்பளைங்க பின்னாடி சுவர ஒட்டி நின்னாங்க, ஒரு வார்த்தை பேசல. அடுத்த வாரம் மைக், நாற்காலி எதுவும் வேண்டாம்னு அங்கன்வாடி வாசல்ல சாணி தெளிச்ச தரையில கோலப்பொடிய குடுத்து "உங்க ஊர வரைஞ்சு காட்டுங்கம்மா"ன்னு சொன்னோம். ஒரு ஆயா குத்துக்கால் போட்டு உக்காந்து ஒரே இழுப்புல ஆத்த போட்டுட்டாங்க, கை நடுங்கல. அப்புறம் ஒருத்தர் வாய்க்கால், ஒருத்தர் போர்வெல், கூழாங்கல்ல வச்சு மாடு தண்ணி குடிக்கிற இடம், வேப்பிலைய வச்சு துணி துவைக்கிற கல்லு. ஆம்பளைங்க சொன்ன லிஸ்ட்ல அந்த துவைக்கிற கல்லே இல்ல. அங்கதான் தினமும் நாப்பது அம்பது பேர் முட்டி அளவு தண்ணியில நிக்கிறாங்க, அதுல பாதி வயசுப் பொண்ணுங்க. ஒரு மணி நேரத்துல தரையில விழுந்தது எங்க மூணு மாச சர்வேல வரல. அத போட்டோ எடுத்து பெருசா பிரிண்ட் போட்டு அதே அங்கன்வாடி சுவத்துல ஒட்டினோம், அவங்க வரைஞ்சது அவங்களுக்குத்தானே சொந்தம்.

எந்த மொழியில பேசறது?

அந்த வீட்டு மொழியில. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டுக்கு வீடு இருக்கு, டவுனுக்குள்ள உருதும் இருக்கு, குவாரி, கம்பெனின்னா இந்தி பேசுற வடக்கத்தி தொழிலாளிங்களும் சேந்துக்குறாங்க. நோட்டீஸ் தமிழ்ல மட்டும் அடிச்சிட்டு யாரும் வரலன்னா எப்படி.

அதிகாரிங்கள்ல யாரு எதுக்கு?

அணை, வாய்க்கால், ஷட்டர் எல்லாம் நீர்வளத்துறை. கழிவு, தண்ணி தரம்னா மாசு கட்டுப்பாட்டு வாரியம், ஓசூர்லயே ஆபீஸ் இருக்கு. கூட்டுக்குடிநீர்னா குடிநீர் வாரியம், ஊருக்குள்ள டேங்கும் குழாயும் பஞ்சாயத்து, அதுக்கு மேல பிடிஓ, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர். பயிருக்கு வேளாண்மை, தோட்டக்கலை. கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழம குறைதீர் நாள், விவசாயிகளுக்கு மாசம் ஒரு தடவ தனி கூட்டம், அந்த மாசக் கூட்டத்துல எல்லா துறை ஆளுங்களும் ஒரே ஹால்ல உக்காந்திருப்பாங்க, 'அது எங்க துறை இல்லைங்க'ன்னு சொன்னா பக்கத்து நாற்காலிய கை காட்டலாம்.

ஒரு ஆபீஸ்ல எங்க மனுவ பதினோரு மாசம் வச்சிருந்து வேற துறைக்கு அனுப்பினாங்க. அதுக்கப்புறம் தகவல் உரிமை சட்டத்துல 'இந்த மனு மேல எந்த தேதியில யாரு என்ன எழுதினாங்க'ன்னு மட்டும் கேட்டோம், சண்டை போடல, முப்பது நாளைக்குள்ள பதில் வந்துச்சு. கீழ்மட்ட ஊழியர மதிச்சு பேசுங்க, அவங்கதான் வாய்க்கால்ல இறங்கி சாம்பிள் எடுக்குறவங்க, அவங்களும் பாத்தியப்பட்டவங்கதான்.

கிராம சபைய விட்டுடாதீங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துக்கு ஆறு. 500 பேர் வரைக்கும் உள்ள ஊருக்கு 50 பேரும், அதுக்கு மேல 3000 வரைக்கும் 100 பேரும் இருந்தாத்தான் கூட்டம் செல்லும். தீர்மானத்த அவங்களா எழுதுவாங்கன்னு இருக்காம நீங்க முன்னாடியே எழுதி எடுத்துட்டு போங்க, புத்தகத்துல ஏறிடுச்சான்னு கையெழுத்துக்கு முன்னாடி படிச்சு பாருங்க.

கம்பெனிக்காரங்க, குவாரிக்காரங்க கூடயும் பேசணுமா?

பேசணும். ஆனா என்ன பேச்சுன்னு முதல்லயே தெளிவா இருக்கணும். ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன்னு ஒரு அமெரிக்கப் பெண்மணி 1969லயே மக்கள் பங்கேற்ப எட்டு படி ஏணியா பிரிச்சு காட்டினாங்க, கீழ்ப்படியில வெறும் சமாளிப்பு, நடுவுல தகவல் சொல்றது, கருத்து கேக்குறது, மேல்படியிலதான் மக்கள் கையில முடிவு. உங்கள கூப்பிட்டு வடையும் டீயும் குடுத்து கையெழுத்து வாங்குனா அது எந்த படின்னு நீங்களே பாத்துக்கலாம்.

பெரிய திட்டம், பெரிய குவாரின்னா 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி கருத்துக்கேட்பு கூட்டம் வரும். 30 நாள் முன்னாடி பேப்பர்ல விளம்பரம் வரணும், அறிக்கைச் சுருக்கம் தமிழ்ல கிடைக்கணும், முழுசா வீடியோ எடுக்கணும், பேசினத கூட்டம் முடியறப்பவே படிச்சு காட்டணும். குறைஞ்சது இத்தனை பேர் வரணும்னு கணக்கு கிடையாது, அதனால நீங்க போகலன்னாலும் கூட்டம் நடந்ததாத்தான் கணக்கு. எழுதியும் குடுங்க, வாயாலயும் சொல்லுங்க. குவாரியில வேலை பாக்குறவங்கள எதிர்ப்பக்கம் தள்ளாதீங்க, அந்த தூச முதல்ல மூச்சுல இழுக்குறது அவங்கதான், அடுப்பு எரியுறதும் அந்த கூலியிலதான்.

விவசாயிகளுக்குள்ளயே ஒத்து வரலியே?

வராது. கெலவரப்பள்ளி பாசனம் 8,000 ஏக்கர். நுரை தண்ணிய நிறுத்துங்கன்னு ஒருத்தர் சொன்னா, நிறுத்திட்டா கோடையில வாய்க்கால்ல என்னங்க வரும்னு இன்னொருத்தர் கேப்பாரு. பெங்களூர் கழிவுதான் கோடையில ஆத்த ஓட வைக்குதுங்கறது கசப்பான நிஜம். ஒரு கூட்டத்துல ஒரு விவசாயி எழுந்து "தண்ணி நாறுதுன்னு பேப்பர்ல போட்டா என் கீரைய எவன் வாங்குவான்"னு கோவமா கேட்டாரு, யாருக்கும் பதில் சொல்ல வரல, எனக்கும்தான்.

அன்னைக்கு நான் கத்துக்கிட்டது, 'நுரைய எதிர்க்கிறீங்களா இல்லையா'ன்னு கேக்கக் கூடாது. 'உங்களுக்கு எந்த மாசம் எவ்வளவு தண்ணி வேணும், எது பயமா இருக்கு'ன்னு தனித்தனியா கேட்டா தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒரே இடத்துல வந்து நின்னாங்க: தண்ணி வரணும், சுத்தம் பண்ணி வரணும், சாம்பிள் எடுத்த முடிவ மாசா மாசம் ஊர் போர்டுல எழுதிப் போடணும். மூணாவத மட்டும் எடுத்துக்கிட்டு நடந்தோம், அதுல யாருக்கும் சண்டை இல்ல.

தருமபுரி ஃபுளோரைடு விஷயத்துல யாரு யாரு?

இங்க கெடுக்குறவன்னு ஒருத்தன் இல்ல, பாறையே அப்படி. ஆழமா போர் போட போட பாறைக்குள்ள இருக்குற ஃபுளோரைடு தண்ணியில கரைஞ்சு வருது. குடிநீர்ல லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற வழியில்லன்னா 1.5 வரைக்கும், அதுக்கு மேல போனா பிள்ளைங்க பல்லுல பழுப்புக் கோடு, வருஷக்கணக்கா குடிச்சா எலும்பு, முதுகு, முட்டி. ஜப்பானோட ஜைக்கா கடன்ல சுமார் 1,928 கோடியில ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டம் 2013ல தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு வந்துச்சு, பெரிய விஷயம், மறுக்க முடியாது. ஆனா பத்தாத நாள்ல அதே மேல்நிலைத் தொட்டியில லோக்கல் போர் தண்ணியையும் ஏத்தி கலந்து விடுறது சில ஊர்ல நடக்குது. அப்ப இங்க ரொம்ப முக்கியமான ஆளு யாரு தெரியுங்களா, வால்வ திருப்புற டேங்க் ஆபரேட்டர் அண்ணன். சம்பளம் சொற்பம், எந்த பயிற்சிக்கும் அவர யாரும் கூப்பிட்டதில்ல. அடுத்தது அங்கன்வாடி டீச்சர், சத்துணவு சமைக்குற அக்கா, டீக்கடைக்காரரு. தண்ணிய கொதிக்க வச்சா ஃபுளோரைடு போகாது, சுண்ட சுண்ட அளவு கூடத்தான் செய்யும்னு இவங்க நாலு பேருக்கு புரிஞ்சா ஊருக்கே புரிஞ்ச மாதிரி.

பல்ல மூடிக்கிட்டு சிரிக்குற பிள்ளைங்கள கூட்டத்துல எழுப்பி நிக்க வச்சு போட்டோ எடுக்காதீங்க, கல்யாணம் பேசுற வயசுல அந்த போட்டோ அவங்கள துரத்தும்.

யானைக்கும் காட்டுக்கும் யாரு பேசறது?

ஒரே ஆளு பேச முடியாது. காவிரி வடக்கு சரணாலயம் 2014ல வந்துச்சு, காவிரி தெற்கு 2022ல. ராகி கதிர் முத்துற நேரம் கர்நாடகாவோட பன்னேர்கட்டா காட்டுப் பக்கத்துல இருந்து யானைக் கூட்டம் இறங்கும், ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை ஊர்கள்ல ராத்திரி பரண்ல முழிச்சிருக்குற விவசாயிய கேக்காம யானைய பத்தி பேசறது நியாயம் இல்ல. 2023 மார்ச்ல மாரண்டஅள்ளி பக்கம் நிலத்து மின்வேலியில மூணு யானை செத்துச்சு, ரெண்டு குட்டி தாய சுத்தி சுத்தி நின்னத ஊரே பாத்து அழுதுச்சு. அழுதவங்கள்ல பாதி பேர் யானையால பயிர் இழந்தவங்க. வனத்துறை, மின்வாரியம், இழப்பீட்டு ஃபைல பாக்குற ஆபீஸ், காட்டுக்குள்ள தேன், புளி எடுக்கப் போற இருளர் குடும்பங்க, இவங்க எல்லாரும் ஒரே பாய்ல உக்காரணும். யானை எந்த தேதியில எந்த வழியா வந்துச்சுன்னு இருளர் பெரியவங்களுக்கு தெரிஞ்ச அளவு எந்த மேப்லயும் இல்ல.

'எத்தன தடவதான் எழுதிட்டு போவீங்க'ன்னு திட்டுறாங்க, எப்படி சமாளிக்கறது?

சமாளிக்காதீங்க, அவங்க கோவம் நியாயம். காலேஜ், கம்பெனி, அரசாங்கம்னு வந்தவங்க எல்லாம் எழுதிட்டு போனாங்க, யாரும் திரும்பி வந்து என்ன ஆச்சுன்னு சொல்லல. நாங்க ஒண்ணு வச்சிருக்கோம், போன தடவ சொன்னதுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லாம புதுசா கேள்வி கேக்கறதில்ல. ஒண்ணும் நடக்கலன்னா ஒண்ணும் நடக்கலன்னு சொல்லிடுவோம்.

யாரையாவது விட்டுட்டோம்னு பின்னாடி தெரிஞ்சா?

போய் சொல்லிடுங்க. கேஆர்பி டேம் வாசல்ல மீன் வறுத்து விக்குற கடைங்க தெரியும்ல, மசாலா தடவி வரிசையா அடுக்கி வச்சிருப்பாங்க. தண்ணி கெட்டா முதல் அடி அந்த அடுப்புக்குத்தான், நாங்க ரெண்டு வருஷம் அவங்கள ஒரு கூட்டத்துக்கும் கூப்பிடல, எங்களுக்கு தோணவே இல்ல. ஒரு அக்காகிட்ட போய் நின்னு விஷயத்த சொன்னோம். அவங்க எண்ணெயில மீன திருப்பிப் போட்டுக்கிட்டே "இப்பவாவது வந்தீங்களே சாமி, உக்காருங்க"ன்னு ஸ்டூல தள்ளி விட்டாங்க, எந்த மாசத்துல மீன் வயிறு உப்பி மிதக்கும், எந்த வாடை வந்தா அன்னைக்கு வாங்க மாட்டாங்கன்னு ஒண்ணு விடாம சொன்னாங்க. கூட்டம் எப்ப வைக்கலாம்னு கேட்டதுக்கு ஞாயித்துக்கிழம மட்டும் வேண்டாம், அன்னைக்குத்தான் யாவாரம்னாங்க. செவ்வாய்க்கிழம வச்சோம், ஏழு கடைக்காரங்க வந்தாங்க.